தலைகீழ் ஆச்சரியக்குறி

அச்சகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒற்றக்கா என்றால்தான் தெரியும். வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகவில்லை என்றால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. விட்டுப்போன ஒரே ஒரு ‘க்’குக்காகப் பதினாறு பக்கங்களைத் திரும்ப அச்சடிக்க வைத்த புண்ணியவதி. பேருந்தில் போகும்போது கடைப் பலகைகளைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வருவார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். ஒற்றுப்பிழையைத்தான் அவர் திட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் மேசைக்கு வந்தது ஒரு சொற்றொடர்க் கையேடு. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. இடது பத்தியில் ஸ்பானிஷ், நடுவில் அதற்கு ஈடான ஆங்கிலம், வலது பத்தியில் தமிழ். மூன்றையும் தமிழ் எழுத்திலேயே போட்டிருந்தார்கள். நாற்பத்தாறு பக்கம் வரை வண்டி ஒழுங்காக ஓடியது. நாற்பத்தேழாம் பக்கத்தின் தலைப்பு ‘ஆச்சரியம்’. மொத்தம் இருபத்துமூன்று வரிசைகள். இருபத்துமூன்றிலும் ஸ்பானிஷ் பத்தியில் ஆச்சரியக்குறி முன்னால் வந்து நின்றது. அதுவும் தலைகீழாக.

ஒற்றக்காவுக்கு ரத்தம் தலைக்கேறியது. சிவப்புப் பேனாவை எடுத்து இருபத்துமூன்றையும் ஒன்று விடாமல் அடித்துத் தள்ளிவிட்டுத்தான் தலையைத் தூக்கினார்.

"தம்பி, தூங்கிட்டே பக்கம் கட்டினியா? எல்லாக் குறியும் கவுந்து கிடக்கு."

கணினியில் பக்கம் கட்டுபவருக்கு அங்கே ‘அவசரம்’ என்று பெயர். ஒரு பக்கத்தை முடிக்க மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்வதால் வந்த பெயர். அவர் நாற்காலியைச் சாவகாசமாகத் திருப்பினார்.

"நானா கவுத்தேன்? வாத்தியார் அனுப்பினதே அப்படித்தான்க்கா. வேணும்னா நீங்களே கேட்டுக்கங்க."

கேட்டார். கையேட்டை எழுதிய ஸ்பானிஷ் வாத்தியார் போனில் பொறுமையாகச் சொன்னார். "அது பிழை இல்லீங்கம்மா. அந்த மொழியில ஆச்சரியத்துக்கு ரெண்டு குறி. முன்னால தலைகீழா ஒண்ணு, பின்னால நேரா ஒண்ணு."

"எதுக்குங்க ரெண்டு? ஒண்ணு போதாதா?"

"படிக்கிறவங்க ஏமாந்துடக் கூடாதுல்ல? ஏதோ சாதாரணப் பேச்சுன்னு ஆரம்பிச்சு, கடைசியில குறியைப் பாத்துட்டு, அடடா வேற மாதிரில்ல படிச்சிருக்கணும்னு ஆயிடுமே. அதனால வரப்போறது ஆச்சரியம்னு முன்னாடியே சொல்லிடுறாங்க."

"நல்ல மனுஷங்கதான்" என்று சொல்லிவிட்டு ஒற்றக்கா போனை வைத்தார்.

முப்பத்தோரு வருட வேலையில் ஒரே பக்கத்தில் இருபத்துமூன்று தவறுகளைத் தானே செய்தது அதுவே முதல் தடவை. தவறாக அடித்ததைத் திரும்ப உயிர்ப்பிக்க ஒரு வழி உண்டு. அடித்ததன் கீழே புள்ளி வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுத வேண்டும். அவசரம் பார்த்துச் சிரிக்கிறாரா என்று ஒரு ஓரப்பார்வை பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார். எழுதும்போதுதான் வரிசைகளையும் வாசித்தார்.

மூன்றாவது வரிசை: ¡மாத்ரே மீயா! ஆங்கிலத்தில், ஓ மை காட். தமிழில், அம்மாடியோவ். ஆங்கிலக்காரர்கள் கடவுளைக் கூப்பிடுகிறார்கள், ஸ்பானிஷ்காரர்கள் நம்மைப் போலவே அம்மாவைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தபோது ஒற்றக்காவுக்கு மகன் ஞாபகம் வந்தது. அவன் ஏழு வருடமாக அந்த மொழி பேசும் ஊரில்தான் இருக்கிறான். திடுக்கிட்டால் அவன் எந்த மொழியில் திடுக்கிடுகிறான் என்று அவருக்குத் தெரியாது. இருக்கட்டும் என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

ஒன்பதாவது வரிசை: ¡நோ மே திகாஸ்! ஆங்கிலத்தில், யூ டோன்ட் சே. தமிழில், அட! அப்படியா!

பேனா நின்றுவிட்டது.

அடியில் வாத்தியார் பொடி எழுத்தில் ஒரு குறிப்புக் கொடுத்திருந்தார். ‘நேர்ப்பொருள்: என்னிடம் சொல்லாதே. ஆனால் அந்தப் பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆச்சரியமாக இருக்கிறது, மேலே சொல்லுங்கள் என்பதே இதன் கருத்து.’

"அக்கா, என்ன முழிக்கிறீங்க?" அவசரம் எட்டிப் பார்த்து வாசித்தார். "ஸ்பானிஷ்காரன் சொல்லாதேங்கிறான். இங்கிலீஷ்காரன் நீ சொல்லவே இல்லைங்கிறான். மூணு நாட்டுக்காரனும் சேந்து ஒருத்தரையும் ஒழுங்கா பேச விடமாட்டான் போல."

ஒற்றக்காவின் விரல் அந்தக் குறிப்பிலேயே நின்றது.

அவருக்கு மகன் ஒருவன்தான். அவனைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவன் வாய் திறப்பதற்குச் சொத்தை எழுதிக் கேட்பவன். மூன்றரை வயது வரை பேசவே இல்லை. டாக்டர் டாக்டராகத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ஒருநாள் ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது அவன் கையை நீட்டித் தடுத்து முதல் வார்த்தையைச் சொன்னான்: "போதும்." அன்றைக்குச் சொன்னதுதான், பிறகும் அதே கணக்கில்தான் பேசிக்கொண்டிருக்கிறான். வாராவாரம் போன் பண்ணுவான். சாப்பிட்டியா என்றால், ம். உடம்பு எப்படி இருக்கு என்றால், ம். எப்போ வருவே என்றால், பாக்கலாம். போனை வைத்த பிறகு, இவ்வளவு நேரம் யாரோடு பேசினோம் என்று சந்தேகம் வந்துவிடும்.

அப்படிப்பட்டவன் மூன்று வருடத்துக்கு முன் அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். கண் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற பெண். அவளோ வாயாடி. அவளுக்குத் தமிழ் தெரியாது, மாமியாருக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனாலும் இரண்டு பேரும் போன் வழியாகப் பேசிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவள் பேசி அனுப்புவாள். இங்கே பொத்தானை அழுத்தினால் அது தமிழ் எழுத்தாக வந்து நிற்கும். ஒற்றக்கா பேசி அனுப்புவதும் அங்கே அப்படியே ஸ்பானிஷாகிவிடும். போன் எழுதும் தமிழ் கண்றாவியாகத்தான் இருக்கும். ஒற்றுப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனாலும் ஒற்றக்கா திருத்தாமல் வாசித்தது வாழ்க்கையிலேயே அதை மட்டும்தான்.

எட்டு மாதம் அது நடந்தது. அதுவரை மகனிடமிருந்து தெரியாததெல்லாம் அந்த எட்டு மாதத்தில் தெரிந்தது. அவன் கண்ணாடி போட ஆரம்பித்திருக்கிறான். மழை வந்தால் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிடுகிறான். தூக்கத்தில் தமிழில் ஏதோ சொல்கிறான், ஆனால் அவளுக்குப் புரிவதில்லை. ‘என்ன சொல்கிறான் என்று அடுத்த முறை பதிவு செய்து அனுப்பட்டுமா?’ என்று அவள் கேட்டபோது, ஒற்றக்கா அரை மணி நேரம் அடுப்பைக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பதிலுக்கு அவரும் சொல்ல ஆரம்பித்தார். முதலில் அந்த ‘போதும்’ கதை. விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று காத்திருந்தார். வந்த பதில் ஒரே வரி.

‘என்னிடம் சொல்லாதே.’

சரி, ஏதோ வேலையாக இருப்பாள் என்று விட்டுவிட்டார். அடுத்த வாரம், யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அப்பா தவறியபோது இந்தப் பையன் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. மூன்று மாதம் கழித்து, அலமாரியைத் திறந்து அப்பாவின் சட்டைக் காலரில் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதான். கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன், உள்ளே போகவில்லை, இன்றுவரை அவனுக்கு அது தெரியாது என்றார். பதில் வந்தது.

‘என்னிடம் சொல்லாதே.’

முற்றுப்புள்ளி வேறு. மாமியாரை ஒருமையில் பேசியதைக்கூட அவர் மன்னித்துவிட்டார். அந்த எதிர்மறையைத்தான் மன்னிக்க முடியவில்லை. அதன் பிறகு அவர் மகனைப் பற்றி ஒரு கதையும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். மகனிடம் ஜாடையாக, "அவளுக்கு என் மேல ஏதாவது வருத்தமாடா?" என்று கேட்டார். "இல்லம்மா" என்றான். அவன் உலகம் இடிந்து விழுந்தாலும் அதைத்தான் சொல்வான். அந்தப் பக்கம் அவள் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான். இரண்டு பேருக்கு நடுவில் இப்படி ஒரு மொழிபெயர்ப்பாளர் வாய்த்தால் வேறு என்ன நடக்கும்?

கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு நின்றது. இப்போது இரண்டு வருடமாகப் பிறந்தநாளுக்கு ஒரு பூப்படம், வருடப் பிறப்புக்கு ஒரு பூப்படம். பூவுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

ஒற்றக்கா ஒன்பதாவது வரிசையை மறுபடியும் வாசித்தார். மேலே சொல்லுங்கள் என்பதே இதன் கருத்து. மேலே சொல்லுங்கள் என்றவளிடம்தான் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் கொஞ்சம் அந்தப் பக்கம் போயிட்டு வரேன்."

அச்சு இயந்திரங்களுக்குப் பின்னால் காகிதக் கட்டுகள் அடுக்கிய அறை இருந்தது. அதில் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து போனை எடுத்தார். இரண்டு வருடத்துப் பூப்படங்களைத் தாண்டி விரல் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனது. ‘என்னிடம் சொல்லாதே’க்கு மேல் அந்தக் குரல் பதிவு இன்னும் இருந்தது. எழுத்து வந்தவுடன் வாசித்தாரே தவிர, குரலை அவர் கேட்டதே இல்லை. முப்பத்தோரு வருடமாக எழுத்தை மட்டும் நம்பிய மனுஷி. புரியாத மொழியின் குரலில் என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டார்.

இப்போது காதில் வைத்துக் கேட்டார்.

"நோ... மே... திகாஸ்!"

ஒவ்வொரு சொல்லும் ஒரு படி ஏறிப் போனது. கடைசிச் சொல்லில் குரல் உடைந்து சிரிப்பு கொட்டியது. சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கதையை அவனிடமும் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். மூன்று சொல்லை மட்டும் எழுதிவிட்டு, அந்தச் சிரிப்பை எழுதத் தெரியாமல் முற்றுப்புள்ளி வைத்திருந்தது போன்.

அடுத்ததையும் போட்டார். சட்டைக் காலர் கதைக்கு வந்த பதில். அதே மூன்று சொல். ஆனால் மெதுவாக, மூச்சோடு மூச்சாக. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். அவள் அழுதிருக்கிறாள். இவர் பையனுக்காக, எங்கேயோ ஓர் ஊரில், ஒரு பெண் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அதைத் தெரிந்துகொள்ள இரண்டு வருடமும் ஒரு வாத்தியாரின் பொடி எழுத்தும் தேவைப்பட்டன. ஒற்றக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். தன் மேலேயே அவருக்கு அப்படியொரு கோபம் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். பக்கத்தை முடிக்க வேண்டும், முதலாளி சாயங்காலத்துக்குள் கேட்டிருந்தார். பத்து, இருக்கட்டும். பதினொன்று, இருக்கட்டும். பதினான்காவது வரிசையில் மறுபடியும் நின்றார்.

¡ஆந்தா யா! ஆங்கிலத்தில், கெட் அவுட் ஆஃப் ஹியர். தமிழில், அட போ!

"அண்டாவா? குண்டாவா?" என்றார் அவசரம், திரையைப் பார்த்தபடி. "இதுல மட்டும் மூணு பேரும் ஒரே மாதிரி. ஸ்பானிஷ்ல நடைய கட்டுன்னு அர்த்தமாம். இங்கிலீஷ்ல வெளியே போ. நம்ம தமிழ்ல போ. ஆச்சரியப்பட்டா எல்லா ஊர்லயும் ஆளைத் துரத்துறாங்கக்கா."

ஒற்றக்கா பேனாவை மூடி வைத்தார்.

கடைசிக் கடைசியாக அவள் அனுப்பிய பெரிய சேதி அவருக்கு நினைவுக்கு வந்தது. உங்கள் மகன் சமையலறையில் பாத்திரம் கழுவும்போது பாடுகிறான் என்று சொல்லியிருந்தாள். இவருக்கு நம்பவே முடியவில்லை. பேசவே கஞ்சத்தனம் பண்ணுகிறவன் பாடுவானா? சந்தோஷம் தாங்காமல், இருந்த வருத்தத்தையெல்லாம் மறந்து, போனை வாய்க்கு அருகில் வைத்துக் கத்தினார்: "அடி போடீ! அவனாவது பாடுறதாவது! போடீ!"

அன்று இரவு வரை பதில் இல்லை. மறுநாள் ஒரு வரி வந்தது. ‘நான் போகிறேன்.’ வேலைக்குக் கிளம்புகிறாள் போல என்று நினைத்தார். போயிட்டு வரேன் என்று சொல்லத் தெரியாத பெண் என்று ஒரு சின்ன முகச்சுளிப்பு வேறு. "சரிம்மா" என்று பதில் அனுப்பினார்.

ஆச்சரியக்குறி இல்லாத ‘போ’ அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று இப்போதுதான் புரிந்தது. வெளியே போ, பெண்ணே. அவன் பாட மாட்டான். வெளியே போ. அவள் போகிறேன் என்றாள். இவர் சரி என்றார்.

"தம்பி, இந்த ஸ்பானிஷ் பத்தியை எப்படி உச்சரிக்கணும்? எழுதியிருக்கிறபடியேவா?"

"வாத்தியார் அப்படித்தான் சொன்னார். ஏன்க்கா, நீங்க எங்க போகப்போறீங்க?"

ஒற்றக்கா அச்சுப் பிரதியையே கையில் எடுத்துக்கொண்டு காகிதக் கட்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். மணி ஒன்றே கால். அங்கே காலை ஒன்பது இருக்கும், விடுமுறை நாள் வேறு. மொழிபெயர்க்கும் பொத்தானை அணைத்தார். இனி அந்தச் சனியனை நடுவில் விடுவதாக இல்லை. புரியாவிட்டால் மகன் சொல்லட்டும், ஒரு தடவையாவது வாயைத் திறக்கட்டும். பதிவை அழுத்தினார்.

"அம்மாடி, நான் அத்தை பேசறேன். நோ மே திகாஸ்னு நீ சொன்னதை, சொல்லாதேன்னு எடுத்துக்கிட்டேன். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. உன் குரலை இன்னிக்குத்தான் கேட்டேன். நான் போடீன்னு சொன்னது, போகச் சொன்னது இல்லம்மா. அது ஆந்தா யா. கேட்டியா? ஆந்தா யா! சந்தோஷத்துல சொன்னது. எங்க ஊட்டுல ஆசையா இருக்கிறவங்களைத்தான் போடீம்போம். பிடிக்காதவங்களை வாங்க, உக்காருங்கம்போம்." இங்கே அவருக்கே சிரிப்பு வந்து அழுகையும் கூட வந்துவிட்டது. "நீ போறேன்னு சொன்னப்போ நான் சரின்னு சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு உன்கூடப் பேசணும் போலவே இருக்கும்மா. ரெண்டு வருஷமா தினமும் அப்படித்தான் இருக்கு. டேய், நீ பக்கத்துல இருந்தா இதை ஒழுங்கா சொல்லு அவகிட்ட. ம்னு முடிச்சிடாதே."

அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகு மேசைக்கு வந்து மீதி வரிசைகளுக்கெல்லாம் இருக்கட்டும் போட்டார். என்ன வாசித்தார் என்று அவருக்கே தெரியாது. போனை மேசையில் கவிழ்த்து வைத்தார், நிமிர்த்தி வைத்தார், மறுபடி கவிழ்த்தார். அவசரம் டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். டீயின் மேல் ஆடை படிந்தது.

மூன்று மணிக்குப் போன் அதிர்ந்தது. குரல் பதிவு. எழுத்து இல்லை. ஒற்றக்கா எழுந்து போகவில்லை. அங்கேயே காதில் வைத்துக்கொண்டார்.

முதலில் பாத்திரச் சத்தம். தண்ணீர் விழும் சத்தம். பிறகு அவள் குரல், ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தது. யாரோ முன்பே சொல்லிக் கொடுத்ததை அவள் நினைவிலிருந்து சொல்வது தெரிந்தது.

"அத்தை... வந்துத்தேன்."

வந்துட்டேன் என்பதில் ‘ட்’ மட்டும் ‘த்’ ஆகியிருந்தது. அவ்வளவுதான் தமிழ். அதற்கு மேல் அவள் பேசவில்லை. போனை எங்கேயோ தள்ளிக் கொண்டுபோவது கேட்டது. தண்ணீர்ச் சத்தம் பெரிதாகியது. அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து, யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில், சுருதி என்றால் என்னவென்றே தெரியாத ஒரு ஆண் குரல் எதையோ இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தது.

அவசரம் இரண்டு தடவை என்னக்கா, என்னக்கா என்று கேட்டுவிட்டார். ஒற்றக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பாட்டு முடிகிற வரை கேட்டார். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடியும் போட்டார். பிறகு போனை வாய்க்கு அருகில் கொண்டுவந்து, மூன்று இயந்திரங்கள் ஓடுகிற அந்த அச்சகமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

"அடி போடீ!"